அரிய பாம்புகளின் உறைவிடங்களைக் காக்கக் கோரி ஒரு திறந்த மடல்

வனவிலங்குப் பாதுகாப்புத் துறைகளின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அருகிவரும் பாம்பினங்களைக் கொல்வதற்கும் பிடிப்பதற்கும் பல நாடுகள் தடை விதித்துள்ளன. தேவையான தடைதான் அது. ஆனால் பாம்பை விட்டுவிட்டு, அது ஒண்டியிருக்கும் பாறையை மட்டும் பெயர்த்தெடுப்பவரை அந்தத் தடை பெரும்பாலும் தடுப்பதில்லை என்பதே என் கவலை.

ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில் வாழும் அகன்றதலைப் பாம்பு அருகியதற்கு, தோட்டங்களை அழகுபடுத்த மக்கள் பாறைப் பலகைகளை அள்ளிச் சென்றது ஒரு முக்கியக் காரணம். வட அமெரிக்காவின் காட்டுக் கிலுகிலுப்பைப் பாம்புகளோ ஆண்டுதோறும் அதே பாறையிடுக்குகளுக்குத் திரும்பிக் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. குளிர்மிகுந்த வடபகுதிகளில் பெண் பாம்பு முதன்முறை குட்டி ஈனவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலாகலாம் என்பதால், அத்தகைய இடுக்கு ஒன்றைச் சாலைக்காகவோ கல்லுக்காகவோ உடைத்துவிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் போதாமல் போகலாம்.

எனவே அரிய பாம்புகளின் பொந்துகளையும் பாறையிடுக்குகளையும் வரைபடத்தில் குறித்து, சாலைக்கும் குவாரிக்கும் அனுமதி தரும் அலுவலகங்களிடம் ஒப்படையுங்கள். அந்த வரைபடம் பொதுவெளிக்கு வர வேண்டாம். பிடித்து விற்பவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

காரணத்தைச் சரியாகக் கண்டறிந்தால் மீட்க முடியும். 1995இல் கரீபியன் கடலிலுள்ள ஆன்டிகுவா நாட்டின் ஆன்டிகுவா ரேசர் என்னும் பாம்பில் ஏறத்தாழ 50 மட்டுமே, ஒரே ஒரு சிறு தீவில் எஞ்சியிருந்தன. கீரியை வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட ஆன்டிகுவா முதன்மைத் தீவில் அது முன்பே அற்றுப்போயிருந்தது. எஞ்சியவற்றை எலிகள் கடித்துக் காயப்படுத்தின. எலிகளை ஒழித்து, அருகிலுள்ள தீவுகளிலும் பாம்புகளைக் கொண்டுபோய் விட்டபின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

ஈரி ஏரியின் நீர்ப்பாம்பு 1999இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2011இல் மீண்டதாக நீக்கப்பட்டது. கரையோர மக்களிடம் தொடர்ந்து பேசி, பாம்பை அடிக்கும் பழக்கத்தைக் குறைத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆகவே மக்களிடம் பேசுவதற்கென்றே ஊழியர்களை அமர்த்துங்கள். சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போவது போதாது.

பாம்புகள் மறைந்து வாழ்பவை. ஓரிரு நாள் தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதப்படும் அறிக்கையை நம்பி எந்தப் பாறையையும் உடைக்க விடாதீர்கள். அவை வெளிவரும் பருவங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் தேடிய பின்னரே அனுமதி தரப்பட வேண்டும் என விதியாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாம்புகளின் வாழ்வில் அக்கறை கொண்ட ஒருவர்