மின்கிட்டாரின் குரலை மரத்தின் பெயரில் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் முறையாக எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை ‘நல்ல மரத்துக்கு’ ஒதுக்கச் சொல்கிறது. மகோகனி என்றால் கனிந்த ஒலி, ஆல்டர் என்றால் சமச்சீரான ஒலி, ஆஷ் என்றால் பளிச்சென்ற ஒலி, பாஸ்வுட் என்றால் மந்தம் என்று ஒரு அட்டவணையும் அதில் இருக்கிறது. கடைகளில் காலங்காலமாக ஒப்பிக்கப்படும் அட்டவணைதான். அதை நம்பி விலை கொடுப்பவர் வாங்கிச் செல்வது பெரும்பாலும் ஒரு பெயரைத்தான். ஆம்ப்ளிஃபயரில் இணைத்த பிறகு காதுக்கு எட்டும் வேறுபாடு, தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பிலும், அது இருக்கும் இடத்திலும், அதன் உயரத்திலும், அதைத் தொடர்ந்து வரும் மின்சுற்றிலும் இருக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது நமக்கு எளிதில் புரியும். வீணையின் பலாமரக் குடம்தான் நாதத்தைக் காற்றில் பரப்புகிறது. அங்கே மரத்தை மாற்றினால் கருவியே மாறிவிடும். எலக்ட்ரிக் கிட்டாரின் கட்டைக்கு, அதாவது உடல்பகுதிக்கு, அந்த வேலை இல்லை. பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி 0.06 மி.மீ. தடிமனுள்ள செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவே. காந்தத்தால் தந்தியும் சிறு காந்தமாகிறது. அது அசையும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மரம் அதிர்ந்தாலும் பிக்கப்புக்கு அது நேராகக் கேட்காது. தந்தியின் இரு முனைகளிலும் ஆற்றலை உறிஞ்சுவது ஒன்றே மரத்தால் ஆகக்கூடியது. எஃகுத் தந்திதான் வேண்டும் என்பதும் இதனால்தான். அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுத் தந்தியை மாட்டினால், உள்ளே இருக்கும் எஃகு இழை மட்டுமே உணரப்பட்டு, தடித்த தந்திகள் சோர்ந்து ஒலிக்கும்.

முதலில் இடம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் தந்தியின் நீளம் 648 மி.மீ. நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப், கட்டையின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ கால்பங்கு தூரத்தில், சுமார் 162 மி.மீ.-இல் இருக்கிறது. திறந்த தந்தியின் நான்காம் ஹார்மானிக் (அடிப்படைச் சுருதியைப் போல் நான்கு மடங்கு அதிர்வெண் உள்ள மேல்ஸ்வரம்) அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்பதால், அதைப் பிக்கப் எடுக்கவே முடியாது. பிரிட்ஜ் பிக்கப் இருக்கும் இடத்திலோ எல்லா ஹார்மானிக்கும் உண்டு, ஆனால் தந்தியின் அசைவு குறைவு. ஆகவே அடித்தளம் மெலிந்து, கூர்மை எஞ்சுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பல தயாரிப்பாளர்கள் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கூடுதல் சுற்றுச் சுற்றுகிறார்கள். 24 ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகக் கட்டு) உள்ள கிட்டாரில் நெக் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளியாக வேண்டும். அதன் நெக் ஒலி 21 ஃப்ரெட் கிட்டாரைப் போல உருண்டு வராததற்கு மரத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

அடுத்தது உயரம். காசு செலவில்லாத திருத்தம் இது. பலரும் கவனிக்காததும் இதுவே. தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அல்னிக்கோ என்ற கலப்புலோகக் காந்தமுள்ள சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு) தடித்த தந்திப் பக்கம் 2.0 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பழைய பாணியில் வலுவான காந்தம் கொண்டவற்றுக்கு இரு பக்கமும் 0.4 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு) நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6. இதற்கு மேல் நெருக்கினால் ஒலி கூடும், ஆனால் காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். ஆறாம் தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மீட்டும்போது ஒரே நேரத்தில் இரண்டு சுருதி கேட்பதுபோல் துடித்தால் அது இந்தக் கோளாறுதான். பிரிட்ஜில் தந்தி அமரும் சேடலை எவ்வளவு நகர்த்தினாலும் சரியாகாது. நெக் பிக்கப்பின் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிப் பார்க்க வேண்டும். பிரிட்ஜில் சுருதி சரிசெய்யும் வேலையை உயரம் முடிவான பிறகே தொடங்குங்கள்.

இரண்டு கிட்டார்களை ஒப்பிட்டு ‘மகோகனிதான் நிறைவாக இருக்கிறது’ என்று சொல்லும் தீர்ப்புகளில் பாதி இங்கேயே அடிபட்டுப்போகும். ஒரு பிக்கப் அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் அது சற்று உரக்க ஒலிக்கும். சற்று உரத்ததை நம் காது ‘நிறைவு’ என்று எடுத்துக்கொள்ளும். தந்தி ஒன்றில் புதிது, மற்றதில் இரண்டு மாதப் பழசு என்றால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

பிக்கப்பின் உள்ளே வருவோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணிச் சுருளில் சுமார் 8,000 சுற்று, இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 2.4 ஹென்றி அளவில். 1950களின் கிப்சன் ஹம்பக்கரில் சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று வீதம் இரண்டு சுருள், மொத்தம் 4.4 ஹென்றி அளவில். இந்த இண்டக்டன்ஸ், சுருளுக்குள்ளும் கேபிளிலும் உள்ள கேபாசிட்டன்ஸோடு (மின்னேற்றத்தைத் தேக்கும் திறனோடு) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு உச்சத்தை, அதாவது சிக்னல் மிக ஓங்கும் ஓர் அதிர்வெண்ணை, உண்டாக்குகிறது. கிட்டாரின் ‘குரல்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த உச்சம் விழும் இடத்தைத்தான். சுருளுக்கு 100 பிகோ ஃபாரட், கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3 மீட்டர் கேபிளில் சிங்கிள் காயிலின் உச்சம் 5,100 ஹெர்ட்ஸ், ஹம்பக்கரின் உச்சம் 3,800 ஹெர்ட்ஸ். கேபிளை 6 மீட்டராக்கினால் சிங்கிள் காயில் 3,900-க்கு இறங்கிவிடும். அதாவது கேபிளின் நீளம் இரட்டிப்பானதும் சிங்கிள் காயிலின் உச்சம் ஹம்பக்கர் இருந்த இடத்துக்கே வந்துவிடுகிறது! கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரியும் என்பதால், நம் காது முடிவெடுப்பதும் இந்தப் பகுதியில்தான். மரத்தின் பெயர் இவ்வளவு பெரிய நகர்வைச் செய்ததாக எந்த அளவீட்டையும் நான் பார்த்ததில்லை.

பிக்கப்பை ‘எத்தனை கிலோ ஓம்’ என்று கேட்டு வாங்குவதும் சரியான அளவுகோல் இல்லை. மெல்லிய கம்பியில் அதே எண்ணிக்கை சுற்றினாலே ஓம் ஏறிவிடும். வெப்பத்தாலும் ஏறும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டுவது, நம் ஊர் 35 டிகிரியில் கிட்டத்தட்ட 8.5 காட்டும். மலிவான சிங்கிள் காயில்களில் காந்தத் தண்டுக்குப் பதில் எஃகுத் தண்டும், அடியில் செராமிக் காந்தப் பட்டையும் இருக்கும். எஃகு இண்டக்டன்ஸைக் கூட்டி, தனக்குள் ஓடும் சுழல் மின்னோட்டத்தால் உச்சத்தையும் மழுக்கிவிடும். மலிவான ஹம்பக்கரின் பித்தளை மூடியும் இதே கெடுதலைச் செய்கிறது. ஜெர்மன் சில்வர் மூடியில் இது மிகக் குறைவு. ‘பாஸ்வுட் மந்தம்’ என்ற பழி பெரும்பாலும் இந்தப் பாகங்களைத்தான் சேர வேண்டும், ஏனென்றால் மலிவான கிட்டாரில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழின் மாறுமின்தடை) எத்தனை கிலோ ஓம் என்று பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கரோடு 250 இருந்தால் உச்சம் தட்டையாகி, கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் உண்டு, ஆகவே மல்டிமீட்டரில் அளந்தே பொருத்த வேண்டும். 500 என்று அச்சிட்ட பாட் 400 காட்டுவதும் 600 காட்டுவதும் சகஜம். வால்யூமைக் குறைத்தாலே கூர்மை போய்விடுகிறது என்பவர்கள், பாட்டின் உள்வரும் முனைக்கும் நடுமுனைக்கும் இடையே 1 நானோ ஃபாரட் கேபாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று இணையாகப் பற்றவைத்துப் பார்க்கலாம். டோன் கேபாசிட்டர் 0.022 ஆனாலும் 0.047 மைக்ரோ ஃபாரட் ஆனாலும், டோன் முழுதாகத் திறந்திருக்கையில் வேறுபாடு தெரியாது. எண்ணெயில் ஊறிய காகிதக் கேபாசிட்டர் என்று பத்து மடங்கு விலை சொல்லும் இடத்தில் வணக்கம் வைத்துவிட்டு நகர்வது நல்லது.

இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வைக்கும்போது ஒலி சட்டென்று மெலிந்தால் ஒன்றின் திசை தலைகீழாக இருக்கிறது. இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும். ஆனால் உலோக மூடி அந்த வயரோடு ஒட்டியிருந்தால், மூடிக்குத் தனி எர்த் வயர் இழுத்த பிறகே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியே சிக்னல் முனையாகி, கை பட்டதும் இரையும்.

மரத்தின் அதிர்வு பிக்கப்புக்குக் கேட்கும் ஒரு சூழல் உண்டு: சுருள் தளர்ந்திருந்தால். கட்டையைத் தட்டினால் ஸ்பீக்கரில் டொக் டொக் என்று கேட்கும், உரக்க வைத்தால் கீச்சிடும். இதற்கு மெழுகுக் குளியல் தேவை. நான்கு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில் 65 டிகிரி. குமிழி நிற்கும்வரை, சுமார் 20 நிமிடம். 70-ஐத் தாண்டவிட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, முடிபோன்ற கம்பி அறுந்துபோகும். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது.

சரி, மரம் எதையுமே செய்வதில்லையா? செய்கிறது, ஆனால் அட்டவணை சொல்லும் இடத்தில் இல்லை. தடித்த, குட்டையான கட்டை பிரிட்ஜ் முனையில் அதிகம் அசைவதில்லை. நீண்டு மெலிந்த நெக்தான் அசைகிறது. மியூனிக்கில் ஒலியியல் ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களின் பிற்பகுதியில் அளந்து காட்டியது இதைத்தான்: நெக் தானாக அதிர விரும்பும் சுருதியை அந்த இடத்தில் மீட்டினால், ஆற்றல் நெக்குக்குப் போய் ஸ்வரம் சீக்கிரம் அணைந்துவிடும். வாங்கும் முன் ஆம்ப் இல்லாமல் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டுங்கள். பேஸ் கிட்டாரில் ஜி தந்தியின் 5 முதல் 7 வரை கூடுதல் கவனம் வேண்டும். ஒரு ஸ்வரம் மட்டும் பக்கத்து ஸ்வரத்தின் பாதி நேரத்தில் அணைந்தால், நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறு கிளாம்பை மாட்டிப் பாருங்கள். அந்த இடம் ஒன்றிரண்டு ஃப்ரெட் நகர்ந்தால் காரணம் நெக். எந்தப் பிக்கப்பும் அதைச் சரிசெய்யாது. பணம் போட வேண்டிய மரம் இருக்கிறதென்றால் அது நெக்கில் இருக்கிறது: நேரான இழையோட்டம், நன்கு உலர்ந்த பலகை, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும், ஒழுங்காகத் திரும்பும் ட்ரஸ் ராட் கம்பி. கட்டை மரம் எடையையும், திருகு பிடித்து நிற்பதையும் தீர்மானிக்கிறது. பாஸ்வுட்டில் நிஜமான குறை அதுதான். மென்மையான மரத்தில் கைப்பிடியால் சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ பிரிட்ஜின் திருகுத் துளைகள் அகன்றுவிட்டால், கடின மரக் குச்சியைப் பசையிட்டு அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.

வரலாறும் அட்டவணைக்கு ஒத்துழைப்பதில்லை. வணிகமாக நிலைத்த முதல் மின்கிட்டார், 1930களில் வந்த ரிக்கன்பேக்கரின் ‘வாணலி’, வார்ப்பு அலுமினியத்தில் ஆனது. டேன்எலக்ட்ரோ கிட்டார்களின் முகப்பு மேசனைட் என்ற மரநார் அட்டை. 1969-இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்தது கண்ணாடி போன்ற அக்ரிலிக். ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆஷில் தொடங்கி, 1956-இல் பெரும்பாலானவற்றுக்கு ஆல்டருக்கு மாறியது. ஆல்டர் எளிதாகக் கிடைத்தது, வண்ணப்பூச்சையும் நன்றாக ஏற்றது. மிசிசிப்பிக் கரை வெள்ளமும் மரகதத் துளைப்பான் வண்டும் ஆஷ் மரத்தை அருமையாக்கிவிட்டதால், 2020-இல் அந்த நிறுவனம் தன் வழக்கமான வரிசைகளில் பெரும்பாலும் ஆஷைக் கைவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகெங்கும் ஃபிங்கர்போர்டாகப் போகிறது. 2017-இல் அதற்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல மாடல்கள் பாவ் ஃபெர்ரோ என்ற வேறு மரத்துக்கு மாறின. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

போதாக்குறைக்கு, விலைச் சீட்டில் உள்ள ‘மகோகனி’ எந்த மரம் என்றே பல சமயம் தெரியாது. ஹோண்டுராஸ் மகோகனி, ஆப்பிரிக்கக் காயா, நேட்டோ, மெராண்டி எல்லாமே அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றின் அடர்த்தி ஒன்றுக்கொன்று வேறு. ஒரே இனத்தின் இரண்டு பலகைகளிலும் வேறு.

தங்கள் அடுத்த அட்டவணையில் மரத்துக்கான பத்தியை எடுத்துவிட்டு, எடை, தந்தி நீளம், பிக்கப்பின் இண்டக்டன்ஸ், பாட் மதிப்பு ஆகிய நான்கையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இண்டக்டன்ஸைத் தயாரிப்பாளர் தராவிட்டால் எல்.சி.ஆர். மீட்டரில் அளக்கலாம். பிக்கப்பை மின்சுற்றிலிருந்து கழற்றி, 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் அமைப்பில் அளக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸில் அளந்தால் உலோக மூடியின் சுழல் மின்னோட்டம் கணக்கைக் கெடுத்துவிடும்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்.