‘சூடா இருந்துச்சு, கேஸே இல்ல’ என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் ஊர் சுற்றவும் வந்து, பப்பில் ஒரு பைன்ட் (568 மில்லி) காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பதமாகும் பீர், குடித்துவிட்டு, "சூடா இருந்துச்சு, கேஸே இல்ல, ஒரு ஸ்டார்" என்று எழுதிப்போடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். குறை இல்லாத இடத்தில் குறை சொல்கிறீர்கள் என்பது எங்கள் வருத்தத்தில் பாதிதான். மீதிப் பாதி, உண்மையிலேயே கெட்டுப்போன பைன்டை "இந்த ஊர் பீர் இப்படித்தான் போல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நீங்கள் குடித்து முடிப்பது. எது பீரின் இயல்பு, எது பப்பின் அலட்சியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இரண்டும் நடக்காது.

முதலில் அந்தச் சூடும் கேஸும். லேகர், அதாவது சில்லென்று குடிக்கும் கேஸ் நிறைந்த பீர், 3 முதல் 5 டிகிரியில் கிளாஸுக்கு வரும். காஸ்க் ஏல் 11 முதல் 13 டிகிரியில் வர வேண்டும். அது சூடு இல்லை, நிலவறைக் குளிர்ச்சி. லேகரில் அதன் கொள்ளளவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். காஸ்க் ஏலில் ஒரு மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 12 டிகிரியில், மேலிருந்து அழுத்தம் கொடுக்காமல், ஒரு திரவம் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவே அது. நாக்கில் மெலிதாகக் குறுகுறுத்தால் போதும். சுருக்கென்று குத்தினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் கிளாஸில் 15, 16 டிகிரி இருந்தால் உங்கள் புகார் நியாயம். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பீரைக் கையால் இழுக்கும் ஹேண்ட்பம்பின் உருளையிலேயே ஒரு மணி நேரம் கிடந்த பீர் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். அதை வடித்துக் கொட்டாமல் உங்கள் கிளாஸில் பிடித்துக் கொடுத்தால் அது பப்பின் கஞ்சத்தனம்.

காஸ்க் ஏல் ப்ரூவரியில் முடிந்து வருகிற பொருள் அல்ல. வடிகட்டாமல், பாஸ்டரைஸ் செய்யாமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். அது பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, பப்பின் நிலவறையில்தான் பதத்துக்கு வருகிறது. கள்ளுப் பானையைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. காலையில் இனிப்பு, மாலையில் கிறுக்கு, மறுநாள் காடி. இங்கே அந்தக் கணக்கு மணிகளில் ஓடாமல் நாள்களில் ஓடுகிறது. இன்னொன்று: காஸ்க் என்றதும் விஸ்கி ஊறிய ஓக் பீப்பாயை மனதில் கொண்டுவராதீர்கள். பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, சில இடங்களில் பிளாஸ்டிக். சாதாரண அளவின் பெயர் ஃபர்கின்; 9 கேலன், அதாவது 72 பைன்ட், ஏறக்குறைய 41 லிட்டர்.

நிலவறையில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். பீப்பாயைப் படுக்கை வாக்கில் ஸ்டில்லேஜ் என்ற தாங்கியில் கிடத்தி, உருளாமல் ஆப்பு வைக்கிறார்கள். மேல்பக்கம் ஷைவ் என்ற அடைப்பு இருக்கும். அதன் நடுவில் மூங்கிலால் ஆன மென்மையான ஸ்பைல் முளையைச் சுத்தியலால் தட்டி இறக்கினால், மூங்கிலின் நுண்துளை வழியே வாயு சீறி, நுரை பொங்கி வழியும். நுரையைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். துடைத்த உடனே மறுபடி பொங்கினால் இன்னும் ஆகவில்லை. சில விநாடிகள் கழித்து மெதுவாக ஒரு குமிழ் எட்டிப் பார்த்தால், மூங்கிலை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கட்டை முளையைச் செருகும் நேரம். அதற்குள் ஈஸ்ட் எல்லாம் அடிவயிற்றில் மண்டியாகப் படிந்திருக்கும். முன்பக்கத்தில் கீஸ்டோன் என்ற அடைப்பில் குழாயை ஒரே அடியில் இறக்கி, ஒரு கிளாஸ் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து இரண்டு நாள்.

இந்த முளை விஷயத்தில்தான் பாதிப் பப்கள் வழுக்கி விழுகின்றன. இரவு கடையை மூடும்போது கட்டை முளையைப் போட மறந்தால், விடிவதற்குள் வாயு முழுக்கப் போய்விடும். அப்போது "கேஸே இல்ல" என்று நீங்கள் சொல்வது சத்தியமான வார்த்தை. காலையில் கட்டை முளையை எடுக்காமல் பம்பை இழுத்தால் பீப்பாய்க்குள் வெற்றிடம் உண்டாகி பீர் வரவே அடம்பிடிக்கும். பீர் குறையக் குறைய உள்ளே நுழைவது அறைக் காற்று. அதனால்தான் குழாய் அடித்த மூன்று நாளில் ஒரு காஸ்க் காலியாக வேண்டும் என்பது தொழிலில் எழுதப்படாத சட்டம்.

இதிலிருந்து ஒரு வாய்ப்பாடு கிடைக்கிறது. எந்தப் பப்பிலும் வாசலில் நின்றே போட்டுப் பார்க்கலாம். 72 பைன்டை மூன்று நாளில் விற்க, ஒரு ஹேண்ட்பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைன்ட் போக வேண்டும். எட்டுப் பம்பு வரிசையாக நின்றால் 192. செவ்வாய்க்கிழமை மாலை உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால், அந்த எட்டில் எத்தனை காடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கூட்டம் குறைந்த பப்பில் இரண்டே பம்பு இருந்தால் தைரியமாக உள்ளே போங்கள். அந்த முதலாளிக்குத் தன் கடை தெரிந்திருக்கிறது.

இனி பம்பில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகை. 60/-, 70/-, 80/- என்று பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பில்லில் ரூ.80/- என்று போடுவதுபோல விலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது விலையேதான். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய பீப்பாய்க்கு இத்தனை ஷில்லிங் என்ற கணக்கு. வலுவான பீருக்கு விலை கூடுதல், ஆகவே ஷில்லிங் ஏற ஏற வலுவும் ஏறும். 1971 பிப்ரவரி 15இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியபோது ஷில்லிங் கணக்கு போய்விட்டது; பீரின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய பழக்கத்தில் 60/- என்றால் 3.5 சதவீதத்துக்குக் கீழே, பெயர் லைட். 70/- ஏறக்குறைய 3.5 முதல் 4, பெயர் ஹெவி. 80/- அதற்கு மேலே 5ஐ ஒட்டி, பெயர் எக்ஸ்போர்ட். அதையும் தாண்டிப் போனால் வீ ஹெவி. லைட் என்பது நிறத்தைச் சொல்லவில்லை. பல லைட்டுகள் கருஞ்சிவப்பாகவே இருக்கும். ஹெவி என்றதும் பயப்படவும் வேண்டாம், அது நடுத்தரம்தான்.

இந்தப் பழைய வகைகளில் மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிதான், முன்னால் நிற்கும்: ரொட்டியின் பொரிந்த ஓரம், பிஸ்கட், லேசான டாஃபி, சில சமயம் உலர்திராட்சை. ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு பின்வாசலில் நின்று கதவைச் சாத்துகிற அளவு. ஸ்காட்லாந்து என்றதும் புகை வாசனை தேடாதீர்கள். பீட் என்ற சதுப்புநில மக்கை எரித்த புகை சில விஸ்கிகளின் சொத்து. 80/-இன் மரபில் அதற்கு இடமில்லை. வோர்ட்டை, அதாவது நொதிக்காத மால்ட் சாற்றை, மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சியதால்தான் அந்த நிறம் என்ற கதையும் பரவலாக இருக்கிறது. பழைய ப்ரூவரிப் பதிவேடுகள் அதற்கு ஒத்துவரவில்லை; நிறத்தில் பெரும்பங்கு பின்னால் சேர்த்த கேரமலுடையது. அதே சமயம் ஸ்காட்லாந்தில் ஊற்றுவதெல்லாம் இந்த வகையும் அல்ல. ஃபைன் ஏல்ஸ் ப்ரூவரியின் ஜார்ல் 3.8 சதவீதம், வெளிர் மஞ்சள், சிட்ரா ஹாப்ஸின் எலுமிச்சை வாசனை. அதில் டாஃபி இல்லை என்று மதிப்பெண் குறைப்பது, ரசத்தில் பருப்பு போதவில்லை என்பதுபோல.

சுவைக்கும் முறைக்கு வருவோம். போகும் வழியில் பாக்கு, ஏலக்காய், மிண்ட் எதையும் வாயில் போடாதீர்கள். பிரிட்டனில் பீரைச் சட்டப்படி மூன்றில் ஒரு பைன்ட் அளவிலும் விற்கலாம், 189 மில்லி. மூன்று வகையை மூன்று சிறு கிளாஸில் வாங்கினால் மொத்தம் ஒரே பைன்ட். வலு குறைந்ததிலிருந்து மேலே போங்கள். வீ ஹெவியை முதலில் குடித்தால் அதற்குப் பிறகு 60/- வெறும் தண்ணீர். கார் ஓட்ட வேண்டுமானால் இந்தப் பேச்சே வேண்டாம். ஸ்காட்லாந்தின் ரத்த ஆல்கஹால் வரம்பு 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் இருப்பதைவிடக் கறார்.

கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். 80/- தாமிர நிறத்திலோ கரும்பழுப்பிலோ இருக்கட்டும், ஊடே பார்த்தால் தெளிவாக இருக்க வேண்டும். குமிழ்கள் கிளாஸ் சுவரில் கொத்தாக ஒட்டியிருந்தால் கிளாஸ் அழுக்கு. நுரை உடனே செத்தால் சோப்பு சரியாக அலசவில்லை. அடுத்து மூக்கு, ஆட்டாமல், சுழற்றாமல். பின் ஒரு வாய் முழுக்க எடுத்து, இரண்டு விநாடி நிறுத்தி, விழுங்குங்கள். வைன் சுவைப்பவர்களைப்போலத் துப்பினால் பீரில் வேலைக்காகாது; கசப்பு தாமதமாகத்தான் வந்து உட்காரும். இரண்டாம் வாயை ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். ஒரு டிகிரி ஏறினாலே மால்ட் வாய் திறக்கும்.

ஒளிவு மறைவில்லாத குறை காடி. மூக்கில் வினிகர் ஏறினால், காற்றுப் பட்டு அசிட்டிக் பாக்டீரியா வேலையை முடித்துவிட்டது என்று பொருள். திருப்பிக் கொடுங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பழசாகி ஆக்சிஜன் ஏறியது. மருந்துக்கடை வாசனை வந்தால் பைப் சுத்தம் செய்த குளோரினையோ காட்டு ஈஸ்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

குழப்பம் வருவது வெண்ணெயில். ஸ்காட்டிஷ் ஏலில் டாஃபி இயல்பு, ஆனால் டயஅசிட்டைல் என்ற வேதிப்பொருளும் கிட்டத்தட்ட அதே வாசனையைக் காட்டும். கிளாஸின் வாயை ஓர் உள்ளங்கையால் மூடி, மறு கையால் அடியைப் பற்றி இரண்டு நிமிடம் சூடேற்றித் திறந்து முகருங்கள். தியேட்டர் பாப்கார்ன் வாசனை மேலெழுந்து, குடித்ததும் பல்லிலும் நாக்கிலும் வழவழவென்று பூசினாற்போல் இருந்தால் அது டயஅசிட்டைல். மால்ட்டின் டாஃபி ரொட்டி வாசனையோடு சேர்ந்தே வரும், பூசாது. கொஞ்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் கட்சிக்காரர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

கலங்கலைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். நிலவறை 10 டிகிரிக்குக் கீழே போனால் புரதம் திரண்டு மூட்டம் போடும். கையில் பத்து நிமிடம் வைத்திருந்தால் கலைந்துவிடும். அதில் கெடுதல் இல்லை. கலையாமல், வாயில் பச்சை மாவு ருசி வந்தால், பீப்பாயைத் தாமதமாகச் சாய்த்ததில் மண்டி கிளம்பியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போதே பின்பக்கத்தை மெல்ல உயர்த்த வேண்டும். கடைசி நேரத்தில் தூக்கினால் இப்படித்தான். கலங்கலும் புளிப்பும் சேர்ந்து வந்தால்தான் தொற்று.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல காஸ்க்குகளில் ஈஸ்ட்டைப் படிய வைப்பது ஐசிங்கிளாஸ், அதாவது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள். அது மண்டியோடு அடியில் தங்கிவிடும் என்பது சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. வேண்டாதவர்கள் "அன்ஃபைண்டா?" (இப்படிப் படிய வைக்காததா?) என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பாரில் இருப்பவருக்குப் புரியும். அந்த வகைகள் கலங்கலாக இருப்பது சொல்லிவைத்துச் செய்வது; அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

பம்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஹேண்ட்பம்பை நம் தெரு அடிபம்பின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்காட்லாந்தின் சொந்த வழக்கம் பாரில் நிற்கும் உயரமான பித்தளைக் குழாய்த் தூண், பெயர் ஃபவுன்ட். காற்றழுத்தம் பீரை மேலே தள்ளும். எடின்பரோவில் வெஸ்ட் போவில் உள்ள போ பாரில் அதை இன்னும் பார்க்கலாம். அழுத்துவது வெறும் காற்று, ஆகவே இதில் கூடுதல் கேஸை எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பிக் கொடுப்பதென்றால் கால்வாசிக்குள் கொடுங்கள். "சூடு", "கேஸ் இல்லை" என்றால் நீங்கள் லேகர்க்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "வினிகர்", "மண்டி கிளம்பியிருக்கு", "பைப் வாசனை" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். கேட்டபடி மாற்றிக் கொடுத்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பீரின் பெயர், கிழமை, மணி மூன்றும் இல்லாத குறிப்பால் யாருக்கும் பயனில்லை. காஸ்க் ஏலுக்காகக் குரல் கொடுக்க 1971இல் தொடங்கிய கேம்ரா அமைப்பின் 0 முதல் 5 வரையிலான அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். 0 குடிக்கவே முடியாதது, 3 நல்லது, 5 அபூர்வம்.

கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகிறவர்களுக்கு: 3/8 அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்கு 71 மில்லி நிற்கும். நிலவறையிலிருந்து பம்புக்கு எட்டு மீட்டர் என்றால் 568 மில்லி, சரியாக ஒரு பைன்ட். இரவெல்லாம் பைப்பில் கிடந்த அந்தப் பைன்டை நல்ல பப் காலையில் கொட்டிவிடும். கொட்டினார்களா என்று முதலில் கேளுங்கள். தயங்கினால், உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வாங்கும்வரை சுவரில் தொங்கும் பழைய ப்ரூவரிக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
நிலவறைப் படியிலும் பாருக்கு முன்னாலும் நிற்கிற சிலர்
எடின்பரோ