தை முகூர்த்தமும் நம் சனிக்கிழமை வகுப்பும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நடந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கோ-கோ அணி நன்றாக ஆடியது. குடிநீர்த் தொட்டியைச் சரிசெய்தாயிற்று, பின்பக்கச் சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. உழைத்த எல்லோருக்கும் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

10, 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை ஒரு வகுப்பு நடத்துகிறோம். இது டியூஷன் இல்லை. வீட்டு வயரிங், கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு, தடுமாறாமல் நாலு வரி ஆங்கிலம், வங்கிப் படிவம் நிரப்புவது, எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அதில் வரும். நம் பள்ளியின் பழைய மாணவர்கள்தான் வந்து சொல்லித் தருகிறார்கள். நம் வேலூர் சைதாப்பேட்டையிலும் கஸ்பாவிலும் ஒரே அறை வீட்டில் வளர்ந்து, இன்று சொந்தக் காலில் நிற்பவர்கள் அவர்கள்.

போன சனிக்கிழமை 40 நாற்காலி போட்டு வைத்திருந்தோம். வந்தவர்கள் 9 பேர். வயரிங் சொல்லித்தர வந்த தம்பி அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். காலி நாற்காலிகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பாடத்தை ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு ஒரு பையன் சொன்னான்: “நாளைக்கு முகூர்த்தம் சார். எல்லாரும் கேட்டரிங்குக்குப் போயிட்டாங்க.”

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். இங்கே தை பிறந்தால் பந்தி பிறக்கிறது. சனிக்கிழமை காலையில் காய் நறுக்கப் போகிற பிள்ளை ராத்திரி வரவேற்புக்குப் பரிமாறி, விடியற்காலை டிபனுக்கு நின்று, மத்தியானப் பந்தியும் முடித்துக் குட்டியானை வண்டியில் ஏறி வீடு வருகிறான். திங்கட்கிழமை முதல் பீரியடில் பெஞ்சிலேயே தூங்குகிறான். அவனை எழுப்ப ஆசிரியர்களுக்கே மனம் வருவதில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாதது இல்லை. ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி என்ற கணக்கில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் தாய்மார்கள் நம் பள்ளியில் நிறையப் பேர். விடியும் முன்பே ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களும், நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அப்பாக்களும் இருக்கிறார்கள். வாடகை கொடுக்கிற நாளில் பிள்ளை கொண்டுவரும் 500 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நானும் கொசப்பேட்டையில் வாடகை வீட்டில் வளர்ந்தவன்தான். அதனால் உபதேசம் செய்யவில்லை, ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன்.

கேட்டரிங் கூலி முகூர்த்த நாளில்தான் வரும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபமே பூட்டிக் கிடக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. அப்துல்லாபுரம் அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொரப்பாடி பாலிடெக்னிக் நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பொறியியல் போன்ற படிப்புகளில் நம் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது.

இதெல்லாம் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. வருமானச் சான்றிதழ் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். போன வருடம் நன்றாகப் படித்த ஒரு பையன் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் தேதி முடிந்துவிட்டது. இப்போது காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரூம்பாயாக இருக்கிறான். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளத்துக்காரர்களிடம் வங்காளியிலேயே பேசுகிறான்! வகுப்பில் ஆங்கிலத்தில் பெயர் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளை அவன். மூளைக்கு என்ன குறை? ஒரு காகிதம்தான் குறை. அந்தக் காகித வேலையைத்தான் சனிக்கிழமை வகுப்பில் முன்கூட்டியே முடித்துத் தருகிறோம்.

அடுத்து சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

கார்த்திகை மாதம் நம் 11ஆம் வகுப்புப் பிள்ளை ஒருவன் பந்தியில் கொதிக்கும் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்தான். முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. கூட்டிப்போன காண்டிராக்டர் மருந்துச் செலவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வை அந்தப் பிள்ளை எழுதவே இல்லை. இன்னும் சில வீடுகளில் காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்கிவிட்டுப் பிள்ளையை அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். அதற்குப் பெயர் வேலை இல்லை, அடகு. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இனி மண்டபத்தில் நின்றதாகத் தெரிந்தால் நான் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்வேன். தெரிந்தவர், வேண்டியவர் என்று பார்க்க மாட்டேன்.

பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதுவரையாவது சனி, ஞாயிறை எங்களுக்குக் கொடுங்கள். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்றால் மறைக்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நல்ல மனம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நாலு பேருக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய முடியும்.

அப்புறம், நீங்களும் வந்து சொல்லித் தாருங்கள். தையல், மெக்கானிக், பிளம்பிங், ஆஸ்பத்திரி லேப் வேலை, எது தெரிந்தாலும் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதும். டிகிரி கேட்க மாட்டோம். போன மாதம் ஒரு அப்பா வந்து பைக் கார்புரேட்டரைப் பிரித்துக் காட்டினார். அன்றைக்கு மட்டும் மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. வர முடியாதவர்கள் பழைய கம்ப்யூட்டரோ மல்டிமீட்டரோ இருந்தால் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் பிள்ளையை நேரத்துக்கு அனுப்பினால் போதும், அதுவே பெரிய உதவி.

சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து, பெற்றோர் கூட்டத்தை வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு வைத்திருக்கிறோம். டீயும் சுண்டலும் உண்டு. இத்தனை கஷ்டத்திலும் பிள்ளைகளை நம்மிடம் அனுப்பிவைக்கிற உங்கள் எல்லோருக்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி. கீழே உள்ள சீட்டில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: கூட்டத்துக்கு வரும்போது ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் வங்கிப் பாஸ்புக் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அதையும் மறக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு உதவித்தொகை இருக்கிறது.