சாசரின் நைட்: சட்டைக் கறையும் ஊர்ப்பெயர்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இடைக்கால ஆங்கில இலக்கியத்தின் வீரநெறி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ பொது முன்னுரையில் வரும் நைட்டை (குதிரைவீரப் பிரபுவை) அப்பழுக்கற்றவன் என்று முடித்துவிடுகிறது. அழுக்கு இருக்கிறது, அதைச் சாசரே எழுதிவைத்திருக்கிறார்: முரட்டுத்துணி மேலங்கி முழுக்கச் சங்கிலிக் கவசத்தின் கறை.

43 முதல் 78 வரையுள்ள 36 வரிகளில் அவன் போரிட்ட ஊர்ப்பெயர்கள் மண்டிக் கிடக்கின்றன. வகுப்பில் அவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு, வாய்மை, மானம், வள்ளன்மை, பண்பு என்ற நான்கை மட்டும் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஒருமுறை ஆண்டுகளோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் 1344-ல் வீழ்ந்தது. இன்றைய துருக்கியின் அந்தால்யா 1361, எகிப்தின் அலெக்சாந்திரியா 1365, மீண்டும் இன்றைய துருக்கியின் அயாஸ் 1367: இம்மூன்றும் சைப்ரஸ் அரசர் முதலாம் பீட்டரின் படையெடுப்புகள். அலெக்சாந்திரியாவைப் பிடித்த படை சில நாட்களிலேயே நகரைச் சூறையாடிவிட்டுக் கப்பலேறியது. சாசரோ, நகர் பிடிபட்டபோது நைட் அங்கிருந்தான் என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். தன் தலைவனின் போரில் சிறந்தவன் என்கிறார். ஆனால் பிரான்சை இங்கிலாந்து வென்ற கிரெஸி (1346), பாய்ட்டியர்ஸ் (1356) களங்களின் பெயர்கள் மருந்துக்கும் இல்லை. இன்றைய அல்ஜீரியாவின் திலெம்சென்னில் மூன்று முறை களமிறங்கி ஒவ்வொரு முறையும் எதிரியைக் கொன்றவன், சில வரிகள் தள்ளி, நடத்தையில் கன்னிப்பெண்ணைப் போலச் சாந்தமானவன்!

இதற்காக, 1980-ல் எழுத்தாளர் டெரி ஜோன்ஸ் தன் நூலில் வாதிட்டதுபோல அவனைக் கூலிப்படைக்காரன் என்று சொல்லிவிடவும் முடியாது. நைட் போரிட்ட ஊர்களில் பிரஷ்யாவும் லித்துவேனியாவும் உண்டு. பின்னாளில் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றியான பாலிங்புரோக் 1390-ல் பிரஷ்யாவுக்குப் போய் லித்துவேனியாவில் போரிட்டது பணம் தேடி அல்ல. குடும்பச் சொத்திலிருந்து செலவழித்துத்தான் போனார். 1386-ல் ஒரே குலச்சின்னத்துக்கு உரிமை கோரி ஸ்குரோப், குரோவ்னர் என்ற இரு ஆங்கிலக் குடும்பங்களுக்கிடையே வழக்கு நடந்தபோது, ஸ்குரோப் வீட்டார் பிரஷ்யாவிலும் அலெக்சாந்திரியாவிலும் போரிட்டதாகச் சாட்சியங்கள் பதிவாயின. அதே வழக்கில் சாசரும் ஒரு சாட்சி. இத்தகைய ஆட்களை அவருக்கு நேரிலேயே தெரியும். ஜோன்ஸ் பக்கம் வலுவாக நிற்பது ஓரிடம்: துருக்கியில் ஒரு முஸ்லிம் தலைவனுக்காக இன்னொருவனை எதிர்த்து நைட் போரிட்டது. அதைச் சிலுவைப்போர்க் கணக்கில் எழுத வழியில்லை.

இன்னொன்று. 78-ஆம் வரியோடு பாடப்பகுதியை வெட்டிவிடுவது பெரிய தவறு. அடுத்த 22 வரிகளில் நைட்டின் மகன், நைட் ஆகப் பயிலும் ஸ்குவயர், வருகிறான். இருபது வயது, அச்சில் வைத்து எடுத்தாற்போன்ற சுருள்முடி, வெள்ளையும் சிவப்புமாகப் பூவேலை செய்த உடை. அவன் போரிட்ட இடங்கள் இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ் பக்கத்துப் பிளாண்டர்ஸ், ஆர்த்வா, பிக்கார்டி. 1383-ல் நார்விச் பிஷப் டெஸ்பென்சர் நடத்தித் தோற்ற படையெடுப்பைப் பலர் இதில் காண்கிறார்கள். தந்தை சென்றது தொலைதூர எல்லைகளுக்கு. மகன் சென்றது கடலுக்கு அக்கரையில், கிறிஸ்தவர்களையே எதிர்த்து, அதுவும் காதலியின் தயவை எதிர்பார்த்து. அந்தக் கறையையும் இந்தப் பூவேலையையும் சாசர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கட்டுரையாளர் இதை நூலாக்கும்போது ஸ்குவயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
திருச்சி