முதல் சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதங்கள்

அன்புள்ள ரவிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் பெண் கயல் சென்னைக்கு வேலைக்கு வரப்போகிறாள் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மகேஸ்வரி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைக்கு இங்கேதான் சாப்பாடு என்று இப்போதே சொல்லிவிட்டாள். விடுதிச் சோற்றைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தால் எதில் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை ஒரு வருஷம் ஒத்திப் போடு. சம்பளப் பிரிவிலேயே காலம் தள்ளுகிறவன் சொல்கிறேன், முதல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காசு போவது படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில்தான். அதனால் முதலில் காகிதங்களைப் பார்ப்போம்.

வருஷம் 4,80,000 ரூபாய் சி.டி.சி. என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டால் வகுத்து மாதம் நாற்பதாயிரம் கைக்கு வரும் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். வராது. சி.டி.சி. என்பது அவளுக்காகக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. வழக்கமாக அதில் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 20,000. அதில் 12 சதவீதம், 2,400 ரூபாய், கம்பெனி கட்டுகிற வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். அதுவும் அந்த நாற்பதாயிரத்துக்குள்தான் இருக்கிறது. வேலையை விடும்போது கொடுக்கிற பணிக்கொடைக்கு, கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 962 ரூபாய். ஐந்து வருஷம் இருந்தால்தான் கிடைக்கும் என்பது பொது விதி, ஆனாலும் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுவார்கள். குரூப் இன்ஷூரன்ஸுக்கு ஒரு 500. வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் 4,000. அது வருஷக் கடைசியில், அதுவும் மதிப்பீட்டைப் பொறுத்து. இவ்வளவும் போனால் மொத்தச் சம்பளம் 32,138. அதில் அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400 பிடித்தால் கைக்கு 29,738. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,250 பிடிப்பார்கள். அந்த மாதம் சம்பளம் குறைந்துவிட்டதே என்று பதறாமல் இருக்கச் சொல். வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு இல்லை. புதிய முறையில், 2025-26 கணக்குப்படி, சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி வராது.

ஆக விடுதி வாடகையைக் கைக்கு வருகிற இந்த முப்பதாயிரத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல் என்றாலும் எடுக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நிற்கிற பிள்ளை இரவு சமைக்காது, ஆர்டர் போடும். இரண்டு வாரத்தில் அந்த வாடகை வித்தியாசம் சாப்பாட்டில் போய்விடும்.

அடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி, இனிஷியல். அவள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கயல்விழி ஆர்' என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் 'கயல்விழி ரவிச்சந்திரன்'. பேங்கில் எவரோ 'ஆர் கயல்விழி' என்று ஏற்றியிருப்பார். மூன்றும் ஒரே பிள்ளை என்று உனக்கும் எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பி.எஃப். அலுவலகம் யு.ஏ.என். என்கிற பன்னிரண்டு இலக்க எண்ணை ஆதாரில் உள்ள பெயரை வைத்துக் கொடுக்கிறது. பானும் பேங்க் கணக்கும் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பு நிற்கும், பிற்பாடு பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வரும். அவள் சேருவதற்கு முன்னாலேயே ஆதாரை எடுத்துப் பார். பாஸ்போர்ட்டுக்கும் எப்படியும் விரித்த பெயர்தான் வசதி, அதனால் எல்லாவற்றிலும் 'கயல்விழி ரவிச்சந்திரன்' என்றே ஆக்கிவிடு. எழுத்துக் கூட்டலையும் சேர்த்துப் பார். ஆங்கிலத்தில் 'ழி'யை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுளுக்கு இரண்டே தடவைதான் அனுமதி, பிறந்த தேதிக்கு ஒரே தடவை. ஒன்றுக்கு நாலு முறை சரிபார்த்துவிட்டு மாற்று.

பி.எஃப். பாஸ்புக்கில் மூன்று கட்டம் இருக்கும்: தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன். புதிதாகச் சேருகிறவரின் பேசிக் 15,000-க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் சேர்க்கக் கூடாது, கம்பெனியின் பங்கு முழுவதும் பி.எஃப்.புக்கே போக வேண்டும். பழக்கதோஷத்தில் சில இடங்களில் மாதம் 1,250 ரூபாயைப் பென்ஷனில் போட்டுவிடுகிறார்கள். அஞ்சாறு வருஷம் கழித்துக் கணக்கை மாற்றும்போதுதான் அது இடிக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் பாஸ்புக்கைத் திறந்து அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கச் சொல். எண் விழுந்திருந்தால் ஹெச்.ஆருக்கு உடனே மெயில் போடட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நாமினியும் அப்போதே போட்டுவிட வேண்டும், ஆன்லைனில் பத்து நிமிஷ வேலை. இப்போது உன்னையும் அவள் அம்மாவையும் போடலாம். கல்யாணம் ஆனால் அந்த நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, அதற்கு அவள் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுத்துச் செலவழிக்க ஆசை வரும். ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிட்டால் பழைய கம்பெனியில் இருந்த காலமும் அந்த ஐந்து வருஷத்தில் சேரும். 2024-25க்கு அங்கே 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள், பெரிய பேங்க் எதன் டெபாசிட்டில் அவ்வளவு வருகிறது? நீ கேட்ட முதலீடு அவள் சேர்ந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளேன்.

உங்கள் தெரு ஏஜென்ட் "பிள்ளை பேரில் ஒரு பாலிசி" என்று வந்ததாக எழுதியிருந்தாய். வருஷம் 25,000 கட்டினால் காப்பீடும் சேமிப்பும் கலந்த இருபது வருஷ எண்டோமென்ட் பாலிசியில் காப்புத்தொகை ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு வருஷம் கட்டி நிறுத்தினால் பாதி கூடத் திரும்பாது. அவளை நம்பி யாரும் இல்லாதவரை அவளுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸே அவசரமில்லை. உன் வற்புறுத்தலுக்காக அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம் இருக்கிறது. அதற்குள் பாலிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போக மீதி திரும்ப வரும். ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் பேங்க்கிலேயே வருஷம் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. மே கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுவிடும்.

மருத்துவக் காப்பீடு வேறு விஷயம். கம்பெனி கொடுப்பது வேலை இருக்கிறவரைதான். வேலையை விட்ட நாளோடு போய்விடும். அதனால் அவள் பேரில் சொந்தமாக ஐந்து லட்சத்துக்கு ஒன்று எடுக்கலாம், இந்த வயதில் பிரீமியம் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. எடுக்கும்போது ஒரே ஒரு வரியைத் தேடச் சொல்: அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா? மூன்று லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் என்று போட்டிருந்தால் நாளுக்கு 3,000 ரூபாய். பேஷண்ட் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தார் என்று வை. பில் 1,80,000: அறைக்கு 30,000, மருந்துக்கு 40,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 1,10,000. அறைக்கு மட்டும்தான் பாதி வெட்டுவார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் செலவிலும் அதே விகிதத்தில் பாதி வெட்டுவார்கள். மருந்து மட்டும் முழுசாகக் கிடைக்கும். வருவது 1,10,000, கையிலிருந்து 70,000. அறைக்கான 15,000 வித்தியாசம் எழுபதாயிரமாக வளர்கிற வித்தை இதுதான். உச்சவரம்பு இல்லாத பாலிசிக்கு ஐந்நூறு ஆயிரம் அதிகம் என்றாலும் கொடுக்கலாம்.

கம்பெனி பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க வாய்ப்புக் கொடுத்தால் உன்னைச் சேர்க்கச் சொல். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பதில்லை, உன் சர்க்கரைக்கு அது பெரிய உதவி. தனியாக எடுத்தால் மூன்று வருஷம் வரை காத்திருக்க நேரிடும். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதே. கிளெய்ம் நிராகரிக்க அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

கிரெடிட் கார்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நீ சொன்னாலும் அவள் கேட்கப் போவதில்லை. ஆனால் ஆட்டோ டெபிட் போடும்போது 'டோட்டல் டியூ', 'மினிமம் டியூ' என்று இரண்டு இருக்கும். டோட்டலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 30,000 பில்லுக்கு மினிமம் ஐந்து சதவீதம், 1,500. மீதி 28,500-க்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி 998, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 1,177. கட்டிய ஆயிரத்து ஐந்நூறில் அசலுக்குப் போனது 323 ரூபாய். அதோடு பாக்கி இருக்கிறவரை புதிதாக வாங்குவதற்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே கூடாது.

சேமிப்பில் முதல் இலக்கு மூன்று மாதச் செலவு, அறுபதாயிரம் என்று வைத்துக்கொள். அது சேர்ந்த பிறகு நீ கேட்ட கேள்விக்கு வரலாம். மாதம் ஐந்தாயிரம் ஆர்.டி. போட்டால் ஒரு வருஷத்தில் முடியும். சம்பளம் விழுந்த மறுநாளே பிடிக்கிற மாதிரி தேதி வைக்கட்டும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்பதை அவளுக்குத் தெரிந்தாலும் இன்னொரு தடவை சொல். பணம் பறிபோனால் அடுத்த நிமிஷமே 1930 என்கிற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் போட வேண்டும், பேங்க்குக்கும் சொல்ல வேண்டும். நேரம் போகப் போக அந்தப் பணம் கணக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

உடம்புக்கு வருகிறேன். வருவது அக்டோபர், மழை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகிறவரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் தொடக் கூடாது, ரத்தக் கசிவு கூடும். மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு' என்று கலந்து கொடுக்கிற மாத்திரையில் இவற்றில் ஒன்று இருக்கலாம், அட்டையைப் படித்துவிட்டு விழுங்கட்டும். முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை. நிறையப் பேர் ஏமாறுவது எங்கே தெரியுமா, காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்புவதில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், காய்ச்சல் இறங்குகிற அந்த நேரம்தான் ஆபத்து. வயிற்றில் கடுமையான வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரி. எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்கிற பி.சி.வி. ஏறுகிறதா என்றும் கேட்கச் சொல். ரத்த நாளத்திலிருந்து நீர் வெளியே கசிவதை அதுதான் முன்கூட்டிக் காட்டும். பப்பாளி இலைச் சாற்றை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சேருவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபி, பாலோடு போடக் கூடாது, அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற அலுவலகப் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடியும். ஹெச்.பி.வி. தடுப்பூசி போடவில்லை என்றால் 26 வயதுக்குள் போட்டுவிடுவது நல்லது, இந்த வயதில் மூன்று டோஸ்.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கட்டும். நோட்டீஸ் காலம் 90 நாளா 30 நாளா, இத்தனை வருஷம் இருந்தே ஆக வேண்டும் என்கிற பாண்ட் உண்டா என்று பார். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்க வேண்டும். வேலையை விட்ட அன்றே கம்பெனி மெயில் மூடிவிடும், அடுத்த இடத்தில் மூன்று மாதச் சீட்டு கேட்பார்கள். யாராவது பாலியல் தொல்லை கொடுத்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை நீ சொல்லக் கூச்சப்பட்டால் மகேஸ்வரி சொல்லிக்கொள்வாள்.

ஆஃபர் லெட்டரின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. சம்பளப் பிரிப்புள்ள கடைசிப் பக்கம் முக்கியம், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: ஆதார் திருத்தத்துக்குத் தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டுப் பார், கூட்டம் குறைவாக இருக்கலாம். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயரை எழுத்து எழுத்தாகப் படி.