சாஸைத் தனியாகக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 100 அடி சாலையிலும் காமராஜர் சாலையிலும் உள்ள புது உணவகங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு எழுதியிருந்தீர்கள். விலை, ருசி, உட்காரும் வசதி என்று எல்லாம் இருந்தது. வீட்டில் சர்க்கரை உள்ளவரை அழைத்துக்கொண்டு போனால் அங்கே எதை வாங்கிக் கொடுப்பது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. புதுச்சேரியில் இது நாலு பேர் வீட்டுக் கவலை இல்லை. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய ஆய்வில், இங்குள்ள பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வந்தது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

என் கணவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் வெளியே போய்ச் சாப்பிடுவோம். அவருக்குச் சர்க்கரை என்பதற்காக அந்த ஒரு சந்தோஷத்தையும் நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் எங்கே போனால் எதை, எப்படிக் கேட்டு வாங்குவது என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

கவுண்டரில் நின்று சோறு, ரொட்டி, காய், கறி என்று நாமே காட்டி வாங்கும் கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ரைஸ் பவுல், ராப் (காய், கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி), சாண்ட்விச், சாலட் எல்லாம் அங்கே கிடைக்கும். இந்தக் கடைகளில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தட்டில் விழுவதெல்லாம் நம் கண் எதிரே விழுகிறது. சமையலறையில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரியாத ஓட்டலைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கவுண்டரில் நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அல்லது பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர்கிறோம்.

ஒரு ராப் தயாராவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரொட்டியின் மேல் முட்டைக்கோஸ், வெங்காயம், சுட்ட கோழி. இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் கடைத் தம்பி மயோனைஸ் என்னும் வெள்ளைச் சாஸ் பாட்டிலைக் கவிழ்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளைத்து வளைத்துப் பிழிகிறார். அதன் மேல் இன்னொரு பாட்டில், காரச் சாஸ். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் ஏறக்குறைய 90 கலோரி இருக்கிறது. சின்னச் சப்பாத்தி ஒன்று சாப்பிட்ட மாதிரி. அவர் பிழிவது ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் போய்விடும். ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் வகையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதனால் நாங்கள் இப்போது சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்கிறோம். "அக்கா, அப்புறம் டேஸ்ட் இருக்காது" என்றார் ஒரு கடைத் தம்பி. பரவாயில்லை, கொடுங்கள் என்றேன். பார்சல் சட்னிக்குத் தரும் குட்டிக் கிண்ணத்தில் கொடுத்தார். தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டதில் பாதிகூடக் காலியாகவில்லை. மகளே கேட்டாள், இவ்வளவுதான் தேவை என்றால் எதற்காக அவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று.

சாலட் என்று பெயர் இருந்தாலே உடம்புக்கு நல்லது என்று நம்பிவிட வேண்டாம். மேலே பொரித்த கோழியும் சீஸும் வெள்ளை டிரஸ்ஸிங்கும் போட்டால் அடியில் இருக்கும் இலைகளால் ஒரு பயனும் இல்லை. பிரவுன் பிரெட்டும் அப்படியே. நிறத்தை வைத்து முழுக் கோதுமை என்று சொல்ல முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரைஸ் பவுல் வாங்கினால் சோற்றைப் பாதியாக்கச் சொல்லி, அந்த இடத்தில் காய், கொண்டைக்கடலை, முட்டை அல்லது சுட்ட கோழி கேட்கலாம். காயையும் கோழியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடைசியில் வந்தால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை அவ்வளவாக ஏறாது என்று எங்கள் உணவு ஆலோசகர் சொன்னார். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது எங்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது, உணவோடு குளிர்பானத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் காம்போ விஷயத்தில். ஒரு கடையில் கூல்டிரிங்க்ஸுக்குப் பதில் தண்ணீர் பாட்டில் கொடுங்கள் என்று கேட்டேன். காம்போவை மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 100 மி.லி. கோலாவில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். ஒரு சின்ன பாட்டிலிலேயே அது முடிந்துவிடுகிறது. நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் தண்ணீர் கேட்பவர் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

சட்டமும் நமக்குப் பாதிதான் உதவுகிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவையும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி எழுத வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனிக் கடைகளில் அந்த எண்ணைப் பார்க்கலாம், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நம்மூர்க்காரர்கள் ஒன்றிரண்டு கிளையோடு நடத்தும் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆய்வகத்தில் கொடுத்துக் கணக்குப் பார்க்க அவர்களால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சாஸ் தனியாகக் கிடைக்கும்', 'அரை அளவு சோறு உண்டு', 'குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர்' என்று பலகையில் மூன்று வரி எழுத எந்த ஆய்வகமும் வேண்டாம். கேட்கக் கூச்சப்படுபவர்களும் அதைப் பார்த்தால் கேட்பார்கள்.

மயோனைஸ் பற்றி இன்னொன்று. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. கடலூர்க் கடைகளுக்கு அது பொருந்தியது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. ஆகவே எதில் செய்தது என்று கேட்டே வாங்குங்கள்.

அடுத்த முறை உணவகங்களைப் பற்றி எழுதும்போது உங்கள் செய்தியாளர் விலையோடு இவற்றையும் விசாரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: சாஸைத் தனியாகத் தருகிறார்களா, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார்களா, காம்போவில் தண்ணீர் கொடுக்கிறார்களா. அப்படிச் செய்யும் கடைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் அங்கேதான் போவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லாஸ்பேட்டை, புதுச்சேரி