எந்தப் பச்சை, எந்த மாதத்தில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் துருவக் கடல்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பனி உருகி வெளிச்சம் கூடுவதால் அங்கே தாவர மிதவை உயிரிகள் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகள்) பெருகுகின்றன, அதனால் மீனும் பெருகும், கெட்டதிலும் ஒரு நல்லது நடக்கிறது என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. மேலூர்ப் பக்கம் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவன் நான். பதினெட்டு வருடங்களாகத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. பச்சை கூடினால் மீன் கூடும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். நம்பி நட்டமும் பட்டேன்.

எங்கள் கண்மாய்க்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிற தண்ணீர் செம்மண் கலங்கலாகத்தான் வரும். சத்து அதில் நிறைய இருக்கும். ஆனால் வெயில் உள்ளே இறங்காது, பாசி பிடிக்காது. மார்கழியில் கலங்கல் அடியில் படியத் தொடங்கினால் பத்து நாளில் நிறம் மாறிவிடும். முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்போம். உள்ளங்கை அப்போதுதான் மறைகிறது என்றால் தண்ணீர் சரியாக இருக்கிறது. விரல் ரேகை வரை தெரிந்தால் தீனி போதாது. மணிக்கட்டு மூழ்கும்போதே கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில், நிறம் இன்னும் ஏறட்டும் என்று சாணத்தை அளவுக்கு மீறிக் கரைத்துவிட்டேன். பச்சை ஏறத்தான் செய்தது. ஆனால் அது தை மாதத்தில் வருகிற, பழுப்புக் கலந்த பச்சை இல்லை. காற்றடிக்கும் கரையில் பெயின்ட் கொட்டிய மாதிரி ஒதுங்கிக் கிடந்த நீலப்பச்சை. சித்திரையில் இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் விடியலில் போய்ப் பார்த்தால், கட்லாவெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டீசல் என்ஜினை வைத்துத் தண்ணீரை வாரி இறைத்தும் ஏழு மணிக்குள் பாதிக்கு மேல் செத்து மிதந்தது. பகலில் பிராணவாயுவைத் தருகிற அதே பாசி ராத்திரியில் அதை எடுத்துக்கொள்ளும். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அதில் உண்டாகும் பிராணவாயுவில் பெரும்பகுதியைக் கடலே மூச்சு விட்டுத் தீர்த்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நட்டத்துக்கு அப்புறம்தான், விலங்கியல் படிக்கிற என் மகள் நல்ல மாதத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் நுண்ணோக்கியில் எனக்குக் காட்டினாள். பொன்பழுப்பு நிறத்தில், மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று தெரிந்தது. அதுதான் டயட்டம் என்கிற நுண்பாசி. அதன் ஓடே சிலிக்கா என்றாள். வடதுருவக் கடலில் வசந்தத்தைத் தொடங்கி வைப்பதும் இந்தக் கூட்டம்தான் என்று அவள் சொன்னபோது, எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வடதுருவத்தை ஒட்டிய நார்வே நாட்டுத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நம் நாட்டு ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. அது 79 டிகிரி வடக்கு. அங்கே அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பத் தலை காட்டும். அந்த இருட்டு மாதங்களில் காற்றும் குளிரும் கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் நைட்ரேட்டையும் சிலிக்கேட்டையும் மேலே கொண்டுவந்து வைக்கின்றன. எங்கள் கார்த்திகைத் தண்ணீர் மாதிரிதான்: சத்து இருக்கிறது, வெளிச்சம் இல்லை. வெளிச்சம் திரும்பியதும் முதலில் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு பாசி படிகிறது. பிறகு பனி உருகுகிறது. உப்புக் குறைந்த அந்தத் தண்ணீர் கனமில்லாமல் மேலே ஒரு அடுக்காக நிற்பதால், நுண்பாசிகள் ஆழத்துக்கு இழுபடாமல் வெயிலிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் டயட்டம் பொங்குகிறது. சில வாரங்களில் மேல்தண்ணீரின் சத்து தீர்ந்துபோக, கோடையில் சாட்டைபோல் வால் வைத்த மிகச் சிறிய பாசிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

தென்துருவத்தில் மாதங்கள் தலைகீழ். அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் நவம்பர், டிசம்பரில் ஃபியோசிஸ்டிஸ் என்ற, பசைக்குள் கூட்டமாக வாழும் பாசி மேலோங்கும். அதற்கு அப்புறம்தான் டயட்டத்தின் முறை வரும். அந்தப் பக்கத்துக் கடலில் நைட்ரேட் மிஞ்சிக் கிடந்தாலும் பாசி ஓரளவுக்கு மேல் ஏறாது. காரணம் இரும்புச் சத்து இல்லாமைதான் என்று 1990இல் ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கடல் ஆய்வாளர் சொன்னார். செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லாத எங்களுக்கு இது ஆச்சரியம்தான்.

வடதுருவக் கடலில் பாசி உற்பத்தி கூடியிருப்பது உண்மை. 1998க்கும் 2018க்கும் இடையில் அது 57 சதவீதம் உயர்ந்தது என்று செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது. நான் கேட்பது, கூடியது எது, எந்த மாதத்தில் என்பதுதான். அங்கே காலானஸ் என்று அரிசி அளவில் ஒரு உயிரி இருக்கிறது. அதன் தாய், பனிக்கட்டிப் பாசியைத் தின்று முட்டையிடுகிறது. குஞ்சு தின்னத் தொடங்கும் சமயத்தில் திறந்த கடலின் பாசி பொங்க வேண்டும். பனி சீக்கிரம் போய்விட்டால் இரண்டு பந்தியும் ஒன்றாக நடந்து முடிந்துவிடும். குஞ்சு வரும்போது இலை எடுத்திருப்பார்கள். அந்தக் காலானஸின் கொழுப்பை நம்பித்தான் துருவக் காட் மீனும் கடற்பறவைகளும் இருக்கின்றன. அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஓரம் பனியாற்று நீர் கலந்து உப்புக் குறையும் இடங்களில், டயட்டத்துக்குப் பதிலாகப் பொடிப் பொடியான கிரிப்டோஃபைட் பாசி வருகிறது. இறால் மாதிரிச் சின்ன உயிரியான கிரில்லால் அவ்வளவு சிறியதைச் சரியாக வடிகட்ட முடியாது. கிரில் இல்லையென்றால் பெங்குவினுக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன வழி?

அப்புறம், வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாது. 2011இல், அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கிற சுக்சி கடலில் ஒரு மீட்டர் கனப் பனிக்கு அடியிலேயே, பனி விளிம்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, பெரும் பாசிப் பெருக்கத்தைக் கப்பலில் போனவர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை அப்படி ஒன்று பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹிமாத்ரிக்கு அருகில், கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடல் நுழைந்த பள்ளத்தாக்கில், தண்ணீரின் சூட்டையும் உப்பையும் இருட்டு மாதங்களிலும் அளக்கிற மாதிரி 2014இல் நம் நாட்டவர்கள் கருவிகளைக் கட்டி இறக்கியது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம்.

ஒரு சொல்லையும் மாற்றிவிடுங்கள். கட்டுரையின் நடுவில் நான்கு இடத்தில் 'கடல்பாசி' என்று போட்டிருந்தது. நோன்பு மாதத்தில் பால் ஊற்றிக் காய்ச்சித் துண்டு போடுகிற கடல்பாசியைத்தான் எங்கள் ஊரில் அந்தச் சொல்லால் நினைப்பார்கள். படித்துக் காட்டியதும் என் மனைவிக்கு அந்தக் குழப்பம்தான் வந்தது. 'நுண்பாசி' என்றே எழுதலாம்.

அடுத்து இதைப் பற்றி எழுதும்போது பனியின் பரப்பளவோடு நிறுத்தாமல், எந்த மாதத்தில் எந்தப் பாசி என்று ஒரு அட்டவணையும் போடுங்கள். கோவாவில் இருக்கிற தேசியத் துருவ ஆராய்ச்சி மையத்தாரிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. இந்த ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கு உங்கள் இதழ் வருகிறது. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கண்மாய் மீன் குத்தகைக்காரர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.